டயர் கடையில் சொன்ன சொல்

அன்று மாலை டயர் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: ரசிகர் சங்கத் தலைவரான மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், டயர் கடை முதலாளி, பேருந்து ஓட்டும் டிரைவர், மருந்துக் கடைக்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாக, கதவோரம் நின்று எல்லாவற்றையும் காதாரக் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை இப்போது கூட்டிச் சேர்த்தால் ஒரு பேருந்து நிறைந்துவிடும். அந்த அறையில் ஐந்து பேருக்கு மேல் உட்கார இடம் கிடையாது. ஐந்தாவது ஆளே காற்றடிக்கும் இயந்திரத்தில் முட்டி இடிக்கத்தான் உட்கார வேண்டும்.

பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. ஊரின் கால்பந்து கிளப்புக்குப் புதிய பொது மேலாளர் வேண்டும். யாரை வாங்குவது, யாரை விற்பது, எந்தப் பயிற்சியாளரை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்கிற நாற்காலி அது. அதில் இருந்த பழைய மனிதர் அணியைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போய்விட்டார். கிளப் நிர்வாகம் மூன்று பேரைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, ரசிகர் சங்கம் யாரை விரும்புகிறது என்று ஒரு பெயர் கேட்டிருந்தது. அதற்கு முன்னால் எந்த நிர்வாகமும் கேட்டதில்லை. மைதானத்தில் காலியாகக் கிடந்த இருக்கைகளைப் பார்த்துப் பயந்துதான் கேட்டார்கள். இருந்தாலும் கேட்டது கேட்டதுதான். சங்கம் சொல்கிற பெயரைத் தாண்டிப் போக அவர்களுக்குத் துணிச்சல் வராது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற எல்லோரும் பேசி முடிக்கும்வரை தலைவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் தலைவர் சொல்வது முடிவு. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரே கண்ணாடிக் கடைக்காரர்தான். ஆகையால் டயர் அடுக்குகளின் மேல் நான்கு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்க, அறையிலிருந்த ஒரே நாற்காலியில் அவர் முதுகை நிமிர்த்தி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை. மனைவி இறந்த பிறகு, கடையிலும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலும் அவர் பேசுகிற பேச்சு ஏறக்குறைய ஒன்றேதான். இருட்டறையில் யாரையாவது உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். அவர்கள் பதில் சொல்வார்கள். அத்தோடு அன்றைய உரையாடல் முடிந்தது. இரவில் ரொட்டியை நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு ஆளுக்காக மேசையைத் துடைப்பானேன் என்று நினைப்பு. வெளியூரில் ஆட்டம் இருக்கிற நாளில் வானொலி வர்ணனையாளரோடு சண்டை போடுவார். சங்கக் கூட்டம் மட்டும்தான் மனிதர்கள் அவருக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிற இடம். அங்கேயும் கடைசிவரை பேசக் கூடாது என்று விதி போட்டுக்கொண்டவர் அவர். வளைந்துகொடுக்கிற வம்சம் இல்லை அது.

முதல் பெயர், எல்லோரும் 'கம்ப்யூட்டர்' என்று அழைத்த மனிதர். மலை மலையாகப் படித்தவர். பந்தை உதைத்ததாக மட்டும் எங்கும் தகவல் இல்லை. யார் எவ்வளவு ஓடுவார், எந்தக் காலால் உதைத்தால் பந்து எங்கே போகும் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருப்பாராம். அப்படியானால் ஆட்டமே தேவையில்லையே, முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாம் வீட்டில் தூங்கலாமே என்றார் டிரைவர். தானும் அப்படி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதாகவும், காற்று சரியாக இருக்கிறது என்று அது காட்டிக்கொண்டிருந்தபோதே டயர் தரையோடு தரையாகப் படுத்துவிட்டதாகவும் டயர் கடை முதலாளி சொன்னார். சிரித்து முடித்ததும் அந்தப் பெயர் கழிந்தது.

இரண்டாவது பெயர், கிளப்பின் பழைய கோல்கீப்பர். ஊருக்கே செல்லப்பிள்ளை. டிரைவருக்கு அவர் என்றால் உயிர். ஒருநாள் அவர் தன் பேருந்தில் ஏறியதையும், யாரும் கேட்காமலே டிக்கெட் எடுத்ததையும் மறுபடி சொன்னார். மருந்துக் கடைக்காரரும் கீப்பர் பக்கம்தான். அந்த முட்டிகளுக்குத் தான் கொடுக்காத களிம்பு இல்லை என்றும், இந்த ஊருக்காகத் தேய்ந்த முட்டிகள் அவை என்றும் தழுதழுத்தார்.

"முட்டி தேய்ஞ்சதுக்கு மாலை போடுங்க. கிளப்பை ஏன் கொடுக்கறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

டீச்சர் ஆதரித்தது மூன்றாவது பெயரை. முன்பு இதே கிளப்பில் இடது பக்கத் தடுப்பாட்டம் ஆடியவர். ஊர் அவரை 'லெஃப்ட் பேக்' என்றுதான் சொல்லும். தொலைதூரத்தில், பேரே தெரியாத ஒரு சின்ன கிளப்பின் மேலாளராகப் போய், காசில்லாமல் பையன்களைத் தேடிப் பிடித்து, அதை மேல்பிரிவுக்கு ஏற்றிக் காட்டியவர். டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார், தேர்வுத்தாள் திருத்துகிற மாதிரி. டயர் கடை முதலாளியும் அவர் பக்கம் சாய்ந்தார். கீப்பர் தங்கமான மனிதர், ஆனால் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இல்லை என்று சொல்லத் தெரியாதவன் கடை நடத்தினால் கல்லாவை அக்கம்பக்கத்தார் நடத்துவார்கள் என்பது அவருடைய வாதம்.

இதற்கு நடுவே காற்றடிக்கும் இயந்திரம் தானாகவே உயிர்பெற்று உறுமத் தொடங்கியது. அது ஓடும்போது யார் பேசினாலும் கேட்காது. வாயைத் திறந்தவர்கள் திறந்தபடியே காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் நான்கு பேரும் ஒருமுறை தலைவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். லெஃப்ட் பேக், தலைவரின் ஒரே மகளின் கணவர். அந்த உறவை அவர் முன்னால் யாரும் வாயில் எடுத்ததில்லை. அவரும் எடுத்ததில்லை.

லெஃப்ட் பேக் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், கடை மூடிய பிறகு, பின்கதவு வழியாகக் கண்ணைக் காட்ட வந்தார். தூரத்துப் பந்து மங்கலாகத் தெரிகிறது என்றார். கண்ணில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் பெரிய கிளப்புகள் வாங்காது என்று பயந்துபோயிருந்தார். கண்ணாடிக்காரர் சோதித்துப் பார்த்து, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் கொடுத்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று அவர் கேட்டுக்கொண்டார். இருட்டறையில் பார்த்ததை வெளியே சொல்கிற வழக்கம் தனக்கு இல்லை என்று இவர் சொன்னார். லென்ஸை வைக்கவும் எடுக்கவும் சொல்லிக்கொடுத்தது கடையில் உதவிக்கு இருந்த மகள்.

பிறகு அந்த இறுதிப்போட்டி. கடைசி நேரத்தில் எதிரணி ஆள் இடது பக்கமாக வந்தான். லெஃப்ட் பேக் தவறான பக்கம் பாய்ந்தார். பந்து அவர் காலைக் கடந்து போய் வலைக்குள் விழுந்தது. காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான் என்று மைதானம் முழுக்கக் கத்தியது. பார்வையாளர் வரிசையில் இருந்த கண்ணாடிக்காரர் மட்டும், அதற்குச் சற்று முன்னால் அவர் ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டு புல்லில் எதையோ தேடியதைப் பார்த்தார். லென்ஸ் விழுந்துவிட்டது. அதைப் புரிந்துகொண்டவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரே.

அவமானத்தோடு அந்த மனிதர் ஊரை விட்டுப் போனார். கூடவே மகளும் போனாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டதாகத் தகவல் மட்டும் வந்தது. நம்பிப் பின்கதவைத் திறந்துவிட்டதற்கு அந்தக் கதவு வழியாகவே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று தகப்பனுக்குப் பட்டது. ஆட்டத்தை விற்றவன் வீட்டுச் சம்பந்தம் என்று ஊர் வேறு வாயில் போட்டு மென்றது. எனக்கு மருமகன் கிடையாது என்று அவர் ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. தாயின் சாவுக்கு மகள் வந்தாள், ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், போனாள். அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் குனிந்து கேட்கவில்லை. நிமிர்ந்தே நிற்கிற அதே ரத்தம்தான் அவளுக்கும்.

இப்போது அந்தப் பெயர் சங்கத்திலிருந்து போனால், மகள் இந்த ஊருக்குத் திரும்பி வந்துவிடுவாள். அவர் கேட்கவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். வேலை அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும். அவருடைய தெருவிலேயே ஒரு வீடு வாடகைக்கு இருந்தது. அதன் முன்னால் போகும்போது கொஞ்ச நாளாக அவர் நடை தானாகவே மெதுவானது. காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, ஒரு குழந்தை ஓடியாட முற்றம் போதுமா என்று பார்த்து வைத்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை; தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுகூட இல்லை.

இயந்திரம் நின்றது. டீச்சர் கை தூக்கச் சொன்னார். கீப்பருக்கு டிரைவரும் மருந்துக் கடைக்காரரும். லெஃப்ட் பேக்குக்கு டீச்சரும் டயர் கடை முதலாளியும். இரண்டுக்கு இரண்டு. இனிமேல் தலைவர் சொல்வதுதான்.

அவர் உடனே பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது இப்போது யாருக்கும் தெரியாது. அதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். உறவு அவருக்கும் தெரியும். ஆனால் வேகமாகப் போகும்போது பிரேக் பிடிக்கிற பழக்கம் அவருக்குப் பேருந்தில் மட்டும்தான்.

"எல்லாம் சரி. ஆட்டத்தை வித்தவன்கிட்ட கிளப்பைக் கொடுத்தா, நாளைக்கு மைதானத்தையும் வித்துட்டுப் போயிடுவான்."

மருந்துக் கடைக்காரர் அவர் தொடையைக் கிள்ளினார். கிள்ளியும் பயனில்லை, சொல் வெளியே வந்து விழுந்துவிட்டது.

கண்ணாடிக்காரர் தொட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க மாப்பிள்ளை விலைபோற ஆள் இல்லை."

டயர் கடை முதலாளி காலையிலிருந்து இரவுவரை டிரைவரை 'மாப்ள, மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு அறையிலிருந்த மற்றவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் மட்டும் எவரையும் அந்தச் சொல்லால் அழைத்ததில்லை. ஆகையால் டிரைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"நான் எங்கே தலைவரே விலைபோனேன்? கீப்பர் எனக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லையே" என்றார், நிஜமாகவே மனம் புண்பட்டு.

யாரும் சிரிக்கவில்லை. டயர் கடை முதலாளி இருமினார். ஆமாம் மாப்ள, உன்னைத்தான் புகழ்ந்து சொல்கிறார், பேசாமல் இரு என்று சமாளிக்கப் பார்த்தார். நல்ல மனசு அவருக்கு. ஒதுங்கிப் போக ஒரு சந்து திறந்து கொடுத்தார். தலைவர் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"உன்னைச் சொல்லலப்பா. என் மக வீட்டுக்காரரைச் சொன்னேன்."

'மாப்பிள்ளை' என்ற அந்தச் சொல், மகள் போனதிலிருந்து அதுவரை அவர் வாயில் வந்ததில்லை. டயரும் கிரீஸும் நாறுகிற அறையில், யாரோ ஒருவர் திட்டியதற்குப் பதிலாக, முதல் தடவையாக வந்தது. டீச்சர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் அவர்.

டிரைவர் கெட்ட மனிதரல்ல. முகம் கறுத்துப்போய், டயர் அடுக்கிலிருந்து இறங்கி நின்றார். மன்னிச்சுக்குங்க தலைவரே என்றார். பிறகு, மனதில் பட்டதைக் கேட்காமல் விடத் தெரியாதவர் ஆனதால், கேட்டார்.

"நானும் அன்னிக்கு மைதானத்துலதான் இருந்தேன். அழுதுட்டே பஸ் ஓட்டினேன். அந்தப் பந்தை ஏன் விட்டாருன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறேன். இப்பவே கையை இந்தப் பக்கம் தூக்கிடறேன்."

காரணம் தலைவர் கையில் இருந்தது. ஒரு வரி போதும். டிரைவரின் கை மாறினால் மூன்றுக்கு ஒன்று. தலைவர் முடிவு சொல்ல வேண்டிய அவசியமே வராது. உறவுக்காரன் தூக்கிவிட்டான் என்ற பேச்சும் இல்லை. பழி கழுவப்படும், அந்தப் பெயர் நிர்வாகத்துக்குப் போகும், மகள் வருவாள். லென்ஸ் விழுந்துவிட்டது என்று சொன்னால் போதும்.

கண்ணாடிக்காரர் அந்த வரியை வாய்வரை கொண்டுவந்தார்.

"அது நான் சொல்ற விஷயம் இல்லை" என்றார்.

"பின்னே யார் சொல்றது?"

"சொல்ல வேண்டியவர் இங்கே இல்லை."

பிறகு எழுந்தார். சொந்தக்காரர் விஷயத்தில் தலைவர் கை தூக்குவது முறையில்லை, தூக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் முறையில்லை என்று சொல்லி, நாற்காலியை டீச்சர் பக்கம் நகர்த்தி வைத்தார். டயர் கடை முதலாளி வாசல்வரை கூடவே வந்தார். வண்டியில் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவர் நடந்தே போனார். அந்தத் தெருவிளக்குகளின் கீழே அவர் முதுகு எப்போதும்போல நேராகத்தான் இருந்தது என்று டயர் கடை முதலாளி பிறகு சொன்னார். நேராக இருந்தது என்பதைச் சொல்லும்போது அவர் குரல் ஏன் உடைந்தது என்பது அவருக்கே தெரியவில்லை.

மீதி நான்கு பேரும் இரவு வெகுநேரம்வரை மோதிப் பார்த்தார்கள். இரண்டுக்கு இரண்டு அசையவில்லை. காரணம் தெரியாமல் கை மாற்ற முடியாது என்று டிரைவர் பிடிவாதமாக இருந்தார், அதுவும் நியாயம்தான். கடைசியில் சங்கத்தால் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை என்று தகவல் போனது. நிர்வாகம் நிம்மதியாக மூச்சுவிட்டு, தான் முதலிலேயே விரும்பிய கம்ப்யூட்டரை நியமித்தது. சங்கத்தில் ஒருவர்கூட விரும்பாத ஆள் வந்து உட்கார்ந்தார். கூட்டம் போட்டுப் பேசியதற்குக் கிடைத்த பலன் இது என்று டயர் கடை முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரித்தார், சிரிப்பு வராமல்.

செய்தி வந்த வாரத்தில், ஒரு மத்தியானம், கடைத் தொலைபேசி அடித்தது. கண்ணாடிக்காரர் வாடிக்கையாளர் குரலில் வணக்கம் சொன்னார்.

"அப்பா."

அவர் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார்.

"சொல்லு."

டீச்சர் பேசியதாக மகள் சொன்னாள். வேலை கிடைக்காமல் போனதில் தன் கணவருக்கு அவ்வளவு வருத்தம் இல்லை என்றாள். ஆனால் டீச்சர் சொன்ன விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவர் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாராம்.

"லென்ஸ் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமேப்பா. அவர்தான் இப்போ ஆடுறதே இல்லையே. யாருக்கு என்ன நஷ்டம்? நாங்க அங்கே வந்திருப்போம்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டார். இப்போ சொல்லலாம்னு யாரும் எனக்குச் சொல்லல."

மகள் சிரித்தாளா அழுதாளா என்று அந்தக் கம்பி வழியாகத் தெரியவில்லை. பிறகு, சின்ன வயதில் எதையாவது கேட்கும்போது வருகிற குரலில் கேட்டாள்.

"மாப்பிள்ளைன்னு சொன்னீங்களாமே. என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்கப்பா."

அந்தச் சொல் அவருக்குள் தயாராக இருந்தது. அதோடு சேர்ந்து வேறு சொற்களும் இருந்தன: தெருவில் ஒரு வீடு இருக்கிறது, முற்றம் இருக்கிறது, வேலை கிடைக்காவிட்டால் என்ன, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள். ஆனால் வாய் பழகின பாதையில்தான் போனது.

"கூட்டத்துல பேசினதை வெளியில பேசுறதில்லை" என்றார்.

"நான் வெளியாளாப்பா?"

அப்போது கடைக் கதவு திறந்து ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். கையில் உடைந்த மூக்குக் கண்ணாடி. வந்து, உட்காரலாமா என்று சைகையால் கேட்டாள். அவர் தலையசைத்தார். மறுமுனையில் மகளுக்குக் கதவு திறந்த சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"சரிப்பா. வியாபாரத்தைப் பாருங்க" என்றாள்.

இணைப்பு போன பிறகும் அவர் கருவியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வந்த பெண்மணி, அவர் இன்னும் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, மரியாதையாகக் காத்திருந்தாள். மாப்பிள்ளை, முற்றம் என்று மெதுவான குரலில் அவர் எதையோ சொன்னது அவளுக்குக் கேட்டது. வீட்டு ஆட்களோடு பேசுகிறார் என்று அவள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டாள்.

அவர் அதற்குப் பிறகு சங்கத்துக்குப் போகவில்லை. மைதானத்திலும் அவருடைய இருக்கை காலியாகத்தான் கிடக்கிறது. அதை வைத்து, அப்பாவும் மகளும் சமாதானமாகிவிட்டார்கள், மாப்பிள்ளையே வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார், கடையை மூடிவிட்டு இப்போது பேரக்குழந்தையோடு சந்தோஷமாக இருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. யாரும் வரவில்லை, அவர் எங்கும் போகவில்லை. கடை திறந்துதான் இருக்கிறது.